கோட்டுக்குள் கிளிப்பச்சை

"இது யார் தையல்?"

"எது?"

"இதுதான், இந்தப் பாக்கெட்டு. நான் தைக்கல. உங்களுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது. அப்போ யாரு, காத்து வந்து தைச்சுட்டுப் போச்சா?"

"கிழிஞ்சிருந்துச்சு. தைச்சுக் குடுத்தாங்க."

"தாங்க! மரியாதை எப்படித் தானா வருது பாருங்க. யாரு அந்த 'தாங்க'?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். கட்டியவர் காசை மிச்சம் பிடித்தார்; எனக்கு ரேடியோ வாங்கும் செலவு மிச்சம். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வெங்காயம் உரிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப்போனால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

"லேப்ல தைச்சது. ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?"

"பாக்கெட்டா இது? நல்லாப் பாருங்க. பின்தையல் போட்டிருக்கா. முடிச்ச உள்ள தள்ளி மறைச்சிருக்கா. ஊசி வெச்ச ஒவ்வொரு எட்டும் ஒரே அளவு. பொறுமையா உக்காந்து ஆசையா தைச்ச தையல் இது."

"ஆசையான்னு தையல்ல எழுதியிருக்கா?"

"எனக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல உங்களுக்கு நானும் இப்படித்தான் தைச்சேன்."

அவர் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. நல்ல மனுஷன்தான். ஆனால் சண்டையின் நடுவில் செருப்பைத் தேடுகிற ஆணை எந்தப் பெண் நம்புவாள்?

தெருவில் அவளை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவோம். பிழைப்பும் அது, நாக்கும் அது. வேலைக்கான உடைகள் தைக்கும் தொழிற்சாலையில் கோட்டு வரிசையில் அவள்தான் முதல் மெஷின். நான் அதே கூடத்தில் இஸ்திரி மேஜை. எங்களிடம் தைக்கிற கோட்டு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டு இல்லை. மின்சாரப் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வது. அந்தப் பெட்டிக்குள் சில சமயம் மின்சாரம் கம்பியை விட்டு காற்றில் பாயும். கண் இமைப்பதற்குள் ஒரு குட்டிச் சூரியன் வெடித்த மாதிரி. அந்த நேரத்தில் மேலே சாதாரணச் சட்டை இருந்தால் அது எரியும். நைலான் மாதிரி இருந்தால் உருகித் தோலோடு ஒட்டும். அதனால் இந்தக் கோட்டுக்குத் துணி தனி, நூலும் தனி. மங்கலான மஞ்சள் நூல். நெருப்பில் காட்டினால் கருகுமே தவிர உருகாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஊசி முதலில் சொல்லிக்கொடுப்பதே, "வீட்டு நூல வீட்டுலயே வெச்சுட்டு வாங்கடி" என்பதுதான்.

அவள் புருஷன் 'பொம்மைக்காரர்'. நாங்கள் தைக்கிற கோட்டு உண்மையிலேயே காப்பாற்றுமா என்று சோதிக்கிற லேப் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஆள் உயரப் பொம்மைகளுக்குக் கோட்டு மாட்டி, பட்டன் போட்டு, சுருக்கம் நீவி நிறுத்துவது அவர் வேலை. நாள் முழுக்க இன்னொருத்தருக்கு பட்டன் போட்டுக் களைத்துப்போய், வீட்டுக்கு வந்தால் தன் சட்டையை இரண்டு பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த லேப்பில் கணக்குப் பார்க்க ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள். இன்ஜினியர் படிப்பு, எதைக் கேட்டாலும் சூடு இவ்வளவு, அவ்வளவு என்று பதில் சொல்வாள். ஊசி பார்க்காமலேயே அவளுக்கு 'டிகிரி' என்று பேர் வைத்தாள்.

"அவ எல்லாரையும் அண்ணாங்கறாளாம், உங்கள மட்டும் வெறும் 'நீங்க'வாம். ஏன், நாக்கு சுளுக்கிக்குமா ஒரு அண்ணா சொன்னா?"

இந்தத் தகவலை அவளுக்குச் சொன்னது அவளுடைய தம்பி. எங்கள் தொழிற்சாலை வேனை ஓட்டுபவன். சாம்பிள் கோட்டுகளை லேப்பில் கொண்டுபோய்ப் போடுவான். சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். அக்கா சிரிக்கவில்லை என்பது அவனுக்கு அவள் சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்ட பிறகுதான் புரிந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. தூறலும் இல்லை, பெருமழையும் இல்லை. கொடியில் எதையும் காயவிடாமல் அழுது வடிகிற மழை. பொம்மைக்காரருக்கும் லேப்பில் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு உண்டு, அது வீட்டுக்கு வந்துதான் துவைபடும். லேப்பிலேயே துவைத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஊசி விடமாட்டாள். "என் புருஷன் துணி என் கையிலதான் நனையணும்" என்பாள். அப்படி நனைத்துப் பிழிந்து உதறினபோதுதான் அந்தப் பாக்கெட் தையல் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பொம்மைக்காரர் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். முட்டை கடன் கேட்கிற சாக்கில் போனேன். ஊசி ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ கத்தரித்துக்கொண்டிருந்தாள். கிளிப்பச்சை சாட்டின் துணி, பளபளவென்று.

"ஏய், இது உன் சட்டையாச்சே! கல்யாணத்துக்கு முந்தி அவரோட சினிமாவுக்குப் போறப்ப போட்டுப்பியே, அது."

"பழசுக்கா. இப்ப எனக்கு ஒரு கைகூட நுழையாது."

"அதுக்காக வெட்டணுமா?"

"பாத்திரம் இறக்கப் பிடிதுணி இல்ல."

சாட்டினில் பிடிதுணியா? கை வழுக்கிப் பாத்திரம் காலில் விழாதா? கேட்க நினைத்தேன். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் கோட்டு கொடியில் தொங்கியது. பாக்கெட் புதிதாகத் தைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவளே சொன்னாள்:

"அவ தையலப் பிரிச்சுட்டேன்க்கா. என் கையால போட்டேன். இனிமே பிரிச்சுப் பாக்கட்டும், தெரியும்."

"என்ன தெரியும்?"

"யாரு வீடுன்னு தெரியும்" என்று சிரித்தாள். நாய்க்கும் கம்பத்துக்கும் உள்ள உறவு எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

பொம்மைக்காரர் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போனார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாள் எங்கள் தொழிற்சாலையின் புது மாடல் கோட்டுக்கு லேப்பில் சோதனை. தைத்தவர்களும் பார்க்கட்டும் என்று மேனேஜர் எங்கள் இருவரையும் வேனில் அனுப்பினார். ஊசி அன்றைக்குத் தலை வாரியிருந்த விதத்தைப் பார்த்தால் சோதனை கோட்டுக்கா டிகிரிக்கா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

"அக்கா, அங்க வந்து ஒண்ணும் பேசிடாத" என்றான் தம்பி, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி.

"நான் எதுக்குடா பேசறேன்? பாக்கத்தான் போறேன்."

"நீ பாக்கறதே பேசற மாதிரிதான் இருக்கும்."

லேப் என்றதும் நான் கண்ணாடிக் குடுவை, வெள்ளைத் தரை என்றெல்லாம் நினைத்திருந்தேன். பெரிய ஷெட் அது. நடுவில் தடித்த சுவர் வைத்த ஒரு அறை, சுவரெல்லாம் கரி. அறை நடுவில் இரண்டு இரும்புக் கம்பிகள், ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து, மூக்கோடு மூக்கு உரசப் போகிற மாதிரி நிற்கின்றன. இடையில் மெல்லிய ஒரு கம்பி. அதைச் சுற்றி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மூன்று பொம்மைகள். தலை உண்டு, முகம் இல்லை. நெஞ்சில் கறுப்பு வட்டங்கள் பதித்திருந்தார்கள். செம்புத் தகடாம், கோட்டைத் தாண்டி உள்ளே வருகிற சூட்டை அதுதான் அளக்கும். தோலுக்குப் பதில் செம்பு.

டிகிரி வந்தாள். நான் எதிர்பார்த்த மாதிரி அழகி இல்லை. ஊசி ஆசைப்பட்ட மாதிரி அசிங்கமும் இல்லை. மூக்குக் கண்ணாடி, எண்ணெய் பட்ட கை, தூக்கம் போதாத கண். "வாங்கக்கா, கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள். எனக்கும் அக்கா, ஊசிக்கும் அக்கா. பொம்மைக்காரரைப் பார்த்து, "நீங்க முதல் செட் மாட்டிடுங்க" என்றாள்.

ஊசியின் முழங்கை என் விலாவில் இறங்கியது. "கேட்டீங்களா? நீங்க."

பொம்மைக்காரர் மாட்டினார். அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நேராக வைக்காத மனுஷன், பொம்மையின் கையைத் தூக்கி, கோட்டைப் போட்டு, தோளில் தட்டி, காலரைத் தூக்கி, கழுத்துவரை ஒவ்வொரு பட்டனாக... உள்ளங்கையால் நெஞ்சை நீவிவிட்டார். துணி உடம்போடு ஒட்டாமலும் உப்பாமலும் நிற்க வேண்டுமாம். ஊசி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒருநாள் இப்படி ஒரு கொக்கி மாட்டினதில்லக்கா" என்றாள்.

"நீ அசையாம நின்னாத்தான?" என்றேன்.

முதலில் வெடித்தது வேறு எங்கோ இருந்து வந்திருந்த மலிவுக் கோட்டு. மணி அடித்தது, எல்லோரும் வெளியே வந்தார்கள், கதவு மூடியது. பிறகு ஒரு 'டமார்'. சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. கறுப்புக் கண்ணாடியையும் மீறி வெள்ளையாக ஒரு வெளிச்சம். புகை கலைந்ததும் பார்த்தால் பொம்மையின் மேல் கோட்டு எரிந்துகொண்டே இருந்தது. பொம்மைக்காரர்தான் முதலில் உள்ளே போக வேண்டியவர். நீளக் கழியால் இரும்புக் கம்பிகளைத் தொட்டு, மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார். அதற்காகத்தான் அவருக்கே ஒரு கோட்டு.

டிகிரி அந்த மலிவுக் கோட்டைப் பிரித்துக் காட்டினாள். உள்துணி உருகிப் பொம்மை நெஞ்சில் தார் மாதிரி அப்பியிருந்தது. "வெளித்துணி நல்லதுதான். உள்ள யாரோ சாட்டின் போட்டிருக்காங்க, பளபளப்புக்கு. இது ஒண்ணு போதும்."

ஊசியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மழைநாளில் வேர்த்திருந்தது அந்தக் கை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் டிகிரியைப் பார்க்கவில்லை, பொம்மையையும் பார்க்கவில்லை. கழியோடு அறைக்குள் நிற்கிற புருஷனின் இடது பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளிப்பச்சை எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவர வெளிய வரச் சொல்லுங்க" என்றாள். எனக்கே பாதிதான் கேட்டது.

எங்கள் கோட்டு நன்றாகவே தேறியது. கருகியது, எரியவில்லை, பட்டன்கள் சுலபமாகக் கழன்றன. தம்பி கைதட்டினான். கிளம்பலாம் என்று நினைத்த நேரத்தில் டிகிரி சொன்னாள்: "இருங்க. உங்க கம்பெனிக் கோட்டுல, போட்டுத் துவைச்சுக் கசங்கினதையும் ஒண்ணு வெடிச்சுப் பாக்கணும். அதுதான் எங்க வழக்கம். புதுசு எல்லாம் நல்லாத்தான் இருக்கும்." சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீங்க கழட்டுங்க" என்றாள் பொம்மைக்காரரிடம்.

மற்ற நாளாயிருந்தால் "கழட்டுங்க" என்ற அந்த ஒரு சொல்லுக்கே ஊசி ஷெட்டை இரண்டாக்கியிருப்பாள். இன்றைக்கு மூச்சை விட்டாள். கோட்டு அவர் மேலிருந்து இறங்கிவிட்டதே! அது பொம்மைக்குப் போனது. அவரே மாட்டினார், அவரே நீவினார். அதே இடது பாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"சொல்லிடுடி" என்றேன் காதில்.

"அவ முன்னாடியா?" என்றாள்.

டமார்.

புகை கலைந்தது. பாக்கெட் ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு காதறுந்த மாதிரி தொங்கியது. நூல் உருகிப்போயிருந்தது, வீட்டு நூல். டிகிரி பட்டன்களைக் கழற்றினாள். உள்துணியில், இதயம் இருக்கிற இடத்தில், கறுப்பாக ஒரு கட்டி. கத்தரிக்கோலால் கீறினாள். இரண்டு துணிக்கும் நடுவிலிருந்து இடுக்கியால் எதையோ இழுத்தாள். நூல் நூலாக நீண்டு வந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் உருகாமல் மிச்சம், கிளிப்பச்சை.

பொம்மைக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்தச் சினிமா, எந்த வரிசை, என்ன மழை எல்லாம் தெரிந்த முகம் அது.

"பழைய கோட்டு... தைக்கறப்பவே எதாவது உள்ள மாட்டியிருக்கும்" என்று முனகினார்.

"மாட்டினது இல்ல. யாரோ அளவா வெட்டி, மடிச்சு, வெச்சுத் தைச்சிருக்காங்க" என்று டிகிரி இடுக்கியை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

ஊசி அதுவரை பொறுத்தாள். குற்ற உணர்ச்சியைத் தாங்கிக்கொண்டாள், பயத்தைத் தாங்கிக்கொண்டாள். இதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏய்! அதக் கீழ வை!"

ஷெட் முழுக்கத் திரும்பியது.

"அது என்னோடது. என் சட்டை. என் புருஷன் கோட்டு. நான் வெப்பேன். நீ யாரு அதத் தொட?"

டிகிரி இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "நீங்களா வெச்சீங்க? கோட்டு தைக்கறவங்க நீங்க!"

"நீ எதுக்குடி அவர் பாக்கெட்டத் தைச்ச?"

"கிழிஞ்சிருந்துச்சு, தைச்சேன். சரியான நூல் இங்க என் பெட்டியில மட்டும்தான் இருக்கு. இவருக்கு மட்டுமா தைச்சேன்? வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி கோட்டும் நான்தான் தைச்சேன். போய்ப் பாருங்க."

எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் போய்ப் பார்க்கமாட்டாள். ஊசி போனாள். ஆணியில் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கடைசியில் செக்யூரிட்டியை நிற்கவைத்து அவன் தோள் தையலைக் கிட்டத்தில் பார்த்தாள். அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். எல்லாவற்றிலும் அதே பின்தையல், மறைத்த முடிச்சு, ஒரே அளவு எட்டு, அதே பொறுமை.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் நிம்மதி இல்லை. புருஷனை யாரோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி இருந்தது.

"எல்லாருக்கும் ஒரே தையலா போடுவ?" என்றாள்.

டிகிரி கம்ப்யூட்டரைத் திருப்பினாள். "இந்தச் சிவப்புக் கோடு இருக்கே, இதத் தாண்டினா தோல் கொப்புளிக்கும். இது வயிறு, கீழயே ஓடுது. இது வலது பக்கம், இதுவும் கீழ. இது இடது மார்பு." கடைசிக் கோடு மட்டும் சிவப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று. "பொம்மைங்கறதால இதோட போச்சு. அவர் உள்ள இருந்திருந்தா அந்தத் துணி தோலோட சேந்திருக்கும். உரிச்சா ரெண்டும் சேந்துதான் வரும்."

கரண்ட் பில் படிக்கிற மாதிரி சொன்னாள். ஊசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நேத்து போட்டிருந்தாரு, முந்தாநேத்து போட்டிருந்தாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொம்மைக்காரர் ஈரத்துணியை எடுத்துப் பொம்மையின் நெஞ்சைத் துடைத்தார். கறை போகவில்லை. மறுபடி துடைத்தார்.

டிகிரிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியவன் வேன் தம்பி. உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இல்லை, நின்றிருந்த டிகிரிக்கு. அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர.

அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சண்டை கேட்டுப் பழகின காதுக்கு அது பெரிய தண்டனை. டீ ஆறிப்போகும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஊசிதான் ஆரம்பித்தாள்.

"திட்டுங்களேன்."

"என்னத்தத் திட்ட?"

"எதையாவது. ரெண்டு அடி வேணா அடிங்க."

"தெரியாம செஞ்சிருந்தா திட்டலாம். நீ தெரிஞ்சவ. நூலத் தொடாமலே இது ஆகும், ஆகாதுன்னு சொல்றவ."

"அப்ப எனக்கு நூல் கண்ணுல படல. அவ கைதான் தெரிஞ்சுது."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அந்தச் சட்டைய ஏன்டி வெட்டின? எனக்கு அது பிடிக்கும்" என்றார் அவர்.

அதற்கு அவள் அழுதாள். நன்றாக, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். பிறகு மூக்கடைத்த குரலில் சொன்னாள்:

"இனிமே கிழிஞ்சா அவகிட்டயே குடுத்துத் தைச்சுக்குங்க."

"சரி."

"ஆனா பக்கத்துல நிக்கக்கூடாது. கழட்டிக் குடுத்துட்டு வெளிய வந்துடணும்."

அந்த மனுஷன் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்பது நாகரிகம் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது.

தொழிற்சாலையில் ஊசியைக் கோட்டு வரிசையிலிருந்து எடுத்துத் தலையணை உறைக்குப் போட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மேனேஜரே பயந்துபோனார். லேப்பில் ஆட்களின் கோட்டு இனி வீட்டுக்குப் போகக்கூடாது, அங்கேயே துவைத்து அங்கேயே தைப்பது என்று சட்டம் போட்டார்கள். ஆக, புருஷன் துணி தன் கையில்தான் நனைய வேண்டும் என்றவள், தன் கையாலேயே அதைக் கெடுத்துக்கொண்டாள்.

வேன் தம்பிக்கு அதன்பிறகு லேப்பில் வேலை அதிகமாகிவிட்டது. சாம்பிள் இருந்தாலும் போனான், இல்லாவிட்டாலும் போனான். அவன் சட்டைப் பாக்கெட்டுகள் வாரம் ஒன்று கிழிந்தன. ஒருநாள் ஊசி அவனைப் பிடித்து நிறுத்திப் பாக்கெட்டைப் புரட்டினாள். பின்தையல், மறைத்த முடிச்சு, அதே எட்டு. ஆனால் கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் தேவையே இல்லாமல் இன்னொரு தையல் கூடுதலாக இருந்தது.

"இது ஆசையா தைச்சது" என்றாள் ஊசி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

தம்பிக்கும் டிகிரிக்கும் கல்யாணம் எளிமையாக நடந்தது. மறுநாள் காலையில் டிகிரி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். பொம்மைக்காரர் முன்னால் நின்று, "எடுத்துக்குங்கண்ணா" என்றாள். ஊசி ஊதாமலேயே டீயைக் குடித்தாள். நாக்கு வெந்திருக்கும். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பிறகு தெரிந்தது, டிகிரி முதலிலிருந்தே அவரை அண்ணா என்று கூப்பிடாததற்குக் காரணம், அவர் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தால் அவளுடைய அப்பா ஞாபகம் வருமாம். ஊசி இதற்கும் ஒரு வாரம் யோசித்தாள்.

இப்போது அவர்கள் இருவரும் இங்கே இல்லை. வேறு ஊரில் புதிதாக ஒரு லேப் திறந்தார்கள். டிகிரிக்கு அங்கே பெரிய வேலை. தம்பி வேன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போனான். போகும்போது டிகிரி நாத்தனாருக்கு ஒரு கட்டை மஞ்சள் நூல் கொடுத்துவிட்டுப் போனாள். ஊசி அதைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

நெஞ்சில் கறை பட்ட அந்தப் பொம்மையை லேப்பில் கழித்துக் கட்டினார்கள். கறை ஏறின தகடு சூட்டை ஒழுங்காகச் சொல்லாதாம். பொம்மைக்காரர் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார், பொண்டாட்டிக்குத் துணி அளவு பார்க்க உதவும் என்று. என் சமையலறை ஜன்னலுக்கு நேராக நிற்கிறது. முதல் நாள் நான் பயந்து எண்ணெயைக் கொட்டினேன்.

ஊசி தைக்கிற சட்டையெல்லாம் இப்போது அதன் மேல்தான் ஏறி இறங்குகிறது. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர், பழக்க தோஷம், போகிற போக்கில் அதன் காலரைத் தூக்கிவிட்டு பட்டன் போடக் கை நீட்டுவார்.

"விடுங்க" என்று கையைத் தட்டிவிடுவாள் ஊசி. "நான் போட்டுக்கறேன்."

கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவாள். இடது மார்புக்கு வரும்போது மட்டும் அவள் கை கொஞ்சம் தயங்கும். பிறகு திரும்பி அவர் சட்டையைப் பார்ப்பாள். மாற்றிப் போட்ட பட்டன்களைக் கழற்றி, முதலிலிருந்து சரியாகப் போட்டுவிடுவாள்.